80 மில்லியன் டாலர், 1,450 இன்னிங்ஸ்: சிமுலேஷன் பேஸ்பாலில் குறைந்த பட்ஜெட்டில் பிட்சர் படை அமைப்பது எப்படி?

கையில் 80 மில்லியன் டாலர் இருக்கிறது. அதில் ஒரு டாலர்கூட நிஜம் இல்லை. ஆனால் அதை வைத்து அணி கட்ட உட்காருபவர்கள் சொந்தச் சம்பளத்தைப் பங்கு பிரிப்பதுபோல இரவெல்லாம் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: பிட்சர்கள்.

பெரிய பெயராகப் பார்த்து இரண்டு பேரை வாங்கியாச்சு, பர்ஸும் காலி. மீதி இன்னிங்ஸை யார் வீசுவது? சிமுலேஷன் பேஸ்பாலில் பல அணிகளின் சீசன் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. இதே கேள்விக்கு நிஜ அணிகள் கண்டுபிடித்த பதில்கள் அமெரிக்க பேஸ்பாலையே மாற்றியிருக்கின்றன. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

சிமுலேஷன் பேஸ்பால் என்றால் என்ன?

நிஜ வீரர்களின் புள்ளிவிவரங்களை வைத்து, நடக்காத ஆட்டங்களை நடத்திப் பார்ப்பதுதான் சிமுலேஷன் பேஸ்பால். ஃபேன்டஸி விளையாட்டுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபேன்டஸியில் இன்று நடக்கும் ஆட்டத்தில் வீரர் என்ன செய்கிறாரோ அதற்குப் புள்ளி கிடைக்கும். சிமுலேஷனில் அந்த வீரரின் பழைய சீசன் ஒன்று அப்படியே அட்டையாகவோ, கணினித் தரவாகவோ மாறிவிடும்.

இதில் மிகப் பிரபலமான ஒன்று ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மேன் 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்த அட்டை விளையாட்டு இது. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். ஒரு பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, அந்த அட்டையில் எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும். ஹோம் ரன்னா, அவுட்டா என்பது அங்கே இருக்கும்.

இன்று இதே விளையாட்டு ஆன்லைனிலும் இருக்கிறது. அங்கே பரவலாக ஆடப்படும் லீக்குகளில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு 80 மில்லியன் டாலர். ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளிடம் இருக்கும் 'பர்ஸ்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் 162 ஆட்டங்கள், அதாவது மேஜர் லீக்கில் நடக்கும் அதே எண்ணிக்கை.

2020-ல் கொரோனா காரணமாக மேஜர் லீக் சீசன் தள்ளிப்போனபோது, நடக்காமல்போன ஆட்டங்களை நாள்தோறும் சிமுலேஷனில் ஓட்டி முடிவுகளை வெளியிட்டது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். அந்தச் சில மாதங்களுக்கு, பல ரசிகர்களுக்குக் கிடைத்த பேஸ்பால் அதுதான்.

பிட்சர் ஏன் இவ்வளவு முக்கியம்?

கிரிக்கெட்டில் ஒரு பவுலர் ஓவர் முடிந்ததும் மற்றவரிடம் பந்தைக் கொடுத்துவிடுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் 'ஸ்டார்ட்டர்' களைத்துப்போகும்வரை, அல்லது அடிவாங்கும்வரை, அவரேதான் வீசுவார். வெளியே போனால் திரும்ப வர முடியாது. அதன்பிறகு வருபவர்கள் 'ரிலீவர்'கள். அவர்கள் காத்திருக்கும் இடத்துக்குப் பெயர் 'புல்பென்'. வெற்றியைக் காப்பாற்ற 9-வது இன்னிங்ஸில் வருபவர் 'க்ளோசர்'.

ஸ்டார்ட்டர் ஒருமுறை வீசினால் அடுத்த சில நாட்கள் ஓய்வு கட்டாயம். அதனால்தான் இன்று பெரும்பாலும் 5 ஸ்டார்ட்டர்கள் சுழற்சியில் வருகிறார்கள். அதாவது எவ்வளவு பெரிய பிட்சராக இருந்தாலும் 162-ல் சுமார் 32 ஆட்டங்களைத்தான் அவர் தொடங்க முடியும்.

முதலில் வாங்க வேண்டியது ஆட்களை அல்ல, அவுட்டுகளை

பட்ஜெட் கணக்கின் அஸ்திவாரம் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், மொத்தம் 27. அதை 162-ஆல் பெருக்கினால் 4,374 அவுட்டுகள். இன்னிங்ஸ் கணக்கில் 1,458. வெளியூரில் தோற்கும் ஆட்டங்களில் உங்கள் பிட்சர்கள் 8 இன்னிங்ஸ்தான் வீசுவார்கள். சமனாகும் ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸ் வரும். எல்லாம் சேர்த்துச் சுமார் 1,450 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 1,450-ஐயும் யாராவது ஒருவர் வீசியே ஆக வேண்டும். காலியாக விட முடியாது.

இப்போது பெரிய பெயர்களைப் பாருங்கள். 2000-ம் ஆண்டில் பெட்ரோ மார்ட்டினெஸ் வீசியது பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த சீசன்களில் ஒன்று. 217 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 1.74. ஈ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாகக் கொடுக்கும் ரன்கள், ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக. குறைய குறைய நல்லது. ஆனால் 1,450-ல் 217 என்பது வெறும் 15 சதவீதம். 2003-ல் எரிக் கன்யே 55 முறை வெற்றியைக் காப்பாற்றும் வாய்ப்பு வந்து, 55 முறையும் காப்பாற்றினார். அவர் வீசியது 82 இன்னிங்ஸ்தான். மொத்தத்தில் 6 சதவீதம்கூட இல்லை.

நட்சத்திரத்தை வாங்கிய பிறகும் 85 சதவீத வேலை மிச்சம் இருக்கிறது. பட்ஜெட்டின் பெரும்பகுதி அந்த 15 சதவீதத்துக்கே போய்விட்டால் என்ன ஆகும்?

இரண்டு திட்டங்கள், ஒரே 30 மில்லியன்

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். 80 மில்லியனில் 30 மில்லியனைப் பிட்சர்களுக்கு ஒதுக்குகிறீர்கள். கீழே உள்ள விலைகளும் ரன்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

திட்டம் 1 (நட்சத்திரங்களும் நிரப்பு ஆட்களும்): தலா 10 மில்லியனுக்கு 2 நட்சத்திர ஸ்டார்ட்டர்கள். தலா 2 மில்லியனுக்கு 3 சாதாரண ஸ்டார்ட்டர்கள். புல்பென்னுக்கு மிச்சம் 4 மில்லியன்.

• நட்சத்திரங்கள்: 448 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 3 ரன். கொடுப்பது 149 ரன்.
• சாதாரண ஸ்டார்ட்டர்கள்: 490 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 5.5 ரன். கொடுப்பது 299 ரன்.
• புல்பென்: 512 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 5 ரன். கொடுப்பது 284 ரன்.
• மொத்தம்: 730-ஐ ஒட்டி.

திட்டம் 2 (சமமான பங்கீடு): தலா 4 மில்லியனுக்கு 5 நடுத்தர ஸ்டார்ட்டர்கள். புல்பென்னுக்கு 10 மில்லியன்.

• ஸ்டார்ட்டர்கள்: 972 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 4.2 ரன். கொடுப்பது 454 ரன்.
• புல்பென்: 478 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 4 ரன். கொடுப்பது 212 ரன்.
• மொத்தம்: 665-ஐ ஒட்டி.

வித்தியாசம் 65 ரன். பேஸ்பால் புள்ளியியலில் ஏறக்குறைய 10 ரன் மிச்சம் என்றால் ஒரு வெற்றி கூடுதல் என்பது வழக்கமான கணக்கு. ஆக, அதே பணத்துக்கு 6 அல்லது 7 வெற்றி அதிகம்.

நட்சத்திரங்களின் விலை 10-க்குப் பதில் 6 மில்லியனாக இருந்தால் இந்த விடை தலைகீழாகலாம். எனவே மனப்பாடம் செய்ய வேண்டியது விடையை அல்ல, முறையை. யாரை வாங்கினாலும், அவரோடு சேர்த்து மொத்த 1,450 இன்னிங்ஸையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மோசமான இன்னிங்ஸ்கள் எத்தனை, அவை யார் தலையில் விழுகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பகடை பாதி நேரம் பேட்டரின் அட்டைக்குப் போகிறது. நீங்கள் எவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கியிருந்தாலும், பாதி நேரம் உங்கள் பிட்சரின் அட்டையை யாரும் பார்ப்பதே இல்லை.

மலிவான நல்ல பிட்சரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈ.ஆர்.ஏ.வை மட்டும் பார்த்து வாங்குவது, பளபளப்பைப் பார்த்து மாம்பழம் வாங்குவது மாதிரி. 2001-ல் வோரோஸ் மெக்கிராக்கென் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை இதைத்தான் உடைத்துச் சொன்னது. மைதானத்துக்குள் அடிக்கப்படும் பந்து அவுட்டாக மாறுமா, ஹிட்டாக மாறுமா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார் அவர். அது ஃபீல்டர்களையும் அதிர்ஷ்டத்தையும் பெரிதும் சார்ந்தது.

பிட்சரின் கையில் நிஜமாக இருப்பவை முக்கியமாக மூன்று:

• ஸ்ட்ரைக்அவுட்: பேட்டரை அடிக்கவே விடாமல் அவுட் செய்வது.
• வாக்: நான்கு தவறான பந்துகள் வீசி, பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது.
• ஹோம் ரன்: ஃபீல்டரால் ஒன்றும் செய்ய முடியாத அடி.

இவற்றை வைத்து உருவான 'ஃபிப்' என்ற அளவீட்டில் ஹோம் ரன்னுக்கு 13, வாக்குக்கு 3, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு மைனஸ் 2 என்று எடை போடுகிறார்கள். ஹோம் ரன் எவ்வளவு காஸ்ட்லி என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

ஆனால் கவனம் தேவை. பழைய சீசனை அப்படியே அட்டையாக்கும் விளையாட்டில், அந்த ஆண்டின் அதிர்ஷ்டமும் அட்டையில் அச்சாகிவிடும். அங்கே அட்டையில் இருப்பதுதான் உண்மை. வீரர்கள் ஆண்டுதோறும் வளர்ந்து, தேய்ந்து, ஓய்வு பெறும் 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' போன்ற கணினி விளையாட்டுகளில் கதையே வேறு. போன ஆண்டு ஈ.ஆர்.ஏ. மோசம், ஆனால் ஸ்ட்ரைக்அவுட் அதிகம், வாக் குறைவு என்றால் அவர் தள்ளுபடியில் கிடைக்கும் நல்ல சரக்காக இருக்கலாம்.

மைதானமும் ஃபீல்டர்களும்: விலைச்சீட்டில் இல்லாத தள்ளுபடி

ஒரு பிட்சரின் விலை எல்லா அணிக்கும் ஒன்றுதான். ஆனால் அவருடைய மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றல்ல. சிக்கனமாக அணி கட்டுபவர்கள் ஜெயிப்பது இந்த இடைவெளியில்தான்.

மைதானம்: டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே ஹோம் ரன் கொடுக்கும் பிட்சர் ஒரு நடமாடும் ஆபத்து. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் சில அட்டைகளில் 'மைதானத்தைப் பொறுத்து ஹோம் ரன்' என்ற வரிகள் இருக்கும். 20 பக்கப் பகடையை உருட்டி, மைதானத்தின் எண்ணோடு ஒப்பிட்டு முடிவு செய்வார்கள். ஹோம் ரன் அரிதான மைதானத்தைத் தேர்ந்தெடுத்தால், மற்றவர்கள் பயந்து ஒதுக்கும் பிட்சர் உங்களுக்குப் பாதி ஆட்டங்களில் பத்திரமான ஆள். சீசனில் 81 ஆட்டங்கள் சொந்த மைதானத்தில்தானே?

ஃபீல்டர்கள்: பிட்சர் அட்டையின் சில வரிகள் முடிவை ஃபீல்டரிடம் ஒப்படைத்துவிடும். ஃபீல்டரின் தரம் 1 முதல் 5 வரை, 1 தான் உச்சம். ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட் இந்த மூன்று இடங்களிலும் நல்ல ஆட்கள் இருந்தால் அந்த வரிகள் எல்லாப் பிட்சர்களுக்கும் சாதகமாகத் திரும்பும். ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப்புக்குக் கொடுக்கும் பணம், பிட்சர் படை முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இடது, வலது: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் மேம்பட்ட அட்டைகளுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. இடதுகை பேட்டருக்கு ஒன்று, வலதுகை பேட்டருக்கு ஒன்று. ஒரு பக்கம் அபாரமாகவும் மறுபக்கம் மோசமாகவும் உள்ள ரிலீவர் மலிவாகக் கிடைப்பார். சரியான பேட்டருக்கு எதிராக இறக்கினால் அவர் விலை உயர்ந்த ஆளுக்குச் சமம். நிஜ மேஜர் லீக்கில் 2020 முதல், வரும் ரிலீவர் குறைந்தது 3 பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. உங்கள் லீக்கில் அந்த விதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

க்ளோசருக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டுமா?

9-வது இன்னிங்ஸ், 3 ரன் முன்னிலை. பெரும்பாலான பிட்சர்கள் காப்பாற்றிவிடுவார்கள். 7-வது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள். ஆட்டம் முடிவாவது இங்கேதான். ஆனால் 'சேவ்' என்ற புள்ளிவிவரமும் பேரும் முதலாமவருக்குத்தான் கிடைக்கும்.

எனவே 'க்ளோசர்' என்ற பட்டத்துக்குப் பணம் கொடுக்காமல், தரமான மூன்று, நான்கு ரிலீவர்களைச் சேர்ப்பது சிக்கனம். வாங்கும் முன் உழைப்பு வரம்பையும் பாருங்கள். வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தில், பிட்சர் அந்த சீசனில் உண்மையில் எத்தனை இன்னிங்ஸ் வீசினாரோ அதை ஒட்டித்தான் அவரைப் பயன்படுத்த முடியும். மீறினால் களைத்து அடிவாங்குவார். 40 இன்னிங்ஸ் வீசியவரின் பிரமாதமான ஈ.ஆர்.ஏ.வைப் பார்த்து மயங்கினால், ஜூலையிலேயே கைவிரிப்பார்.

அப்போ நட்சத்திரம் வேண்டவே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. 2001-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியில் ரேண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங் என்ற இருவர் மட்டும் 506 இன்னிங்ஸ் வீசினார்கள். அணியின் 92 வெற்றிகளில் 43 இவர்கள் கணக்கில். வேர்ல்ட் சீரிஸின் 7 ஆட்டங்களில் 5-ஐத் தொடங்கியது இவர்கள்தான். 7-வது ஆட்டத்தில் ஜான்சன் ரிலீவராகவும் வந்தார். நியூயார்க் யாங்கீஸ் வீழ்ந்தது. தொடர் நாயகன் விருது இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

இரண்டு பாடங்கள். ஒன்று, நட்சத்திரத்தின் விலையை நியாயப்படுத்துவது அவர் வீசும் இன்னிங்ஸ்களின் எண்ணிக்கை. 250 இன்னிங்ஸ் வீசுபவர் புல்பென்னின் சுமையையும் குறைக்கிறார். இரண்டு, 162 ஆட்ட சீசனில் 15 சதவீதமாக இருப்பவர், 7 ஆட்டத் தொடரில் அதைவிடப் பெரிய பங்கை வீசுவார். லீக்கில் பிளேஆஃப் நுழைவது எளிது என்றால் ஒரு நட்சத்திரத்துக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

நிஜ அணிகள் என்ன செய்தன?

குறைந்த பட்ஜெட் என்றதும் 'மனிபால்' ஓக்லேண்ட் அணிதான் நினைவுக்கு வரும். 2002-ல் சுமார் 40 மில்லியன் டாலர் சம்பளப் பட்டியலோடு 103 வெற்றி. 125 மில்லியனுக்கு மேல் செலவழித்த யாங்கீஸுக்கும் அதே 103. யாரும் மதிக்காத, தரையை ஒட்டிக் கையைக் கொண்டுவந்து வீசும் சாட் பிராட்ஃபோர்ட் போன்றவர்களைக் கண்டெடுத்தது அதில் ஒரு பகுதி. ஆனால் முதுகெலும்பு டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ ஆகிய மூன்று இளம் ஸ்டார்ட்டர்கள். ஸீட்டோ அந்த ஆண்டு 23 ஆட்டங்களை வென்று, லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். இவர்கள் மலிவாக இருந்தது திறமைக் குறைவால் அல்ல. ஏறக்குறைய 6 ஆண்டு மேஜர் லீக் அனுபவம் சேரும்வரை வீரர் தன் விலையைச் சந்தையில் கேட்க முடியாது என்ற விதியால்.

2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி இன்னொரு வழியைக் காட்டியது. ரிலீவரான செர்ஜியோ ரோமோவை ஆட்டத்தைத் தொடங்கவைத்தது. முதல் இன்னிங்ஸில் வந்த மூவரையும் அவர் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். நீண்ட நேரம் வீச வேண்டியவர் அதன் பிறகே வந்தார். 'ஓப்பனர்' என்று பெயர் பெற்ற இந்த உத்தியை அடிக்கடி கையாண்ட ரேஸ் அந்த சீசனில் 90 ஆட்டங்களை வென்றது.

ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. அந்தக் கணக்கை நம்பியதால் ரேஸ் பட்ட பாடும் பிரசித்தம். 2020 வேர்ல்ட் சீரிஸ் 6-வது ஆட்டத்தில் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து அசத்திக்கொண்டிருந்தார். 6-வது இன்னிங்ஸின் நடுவில் பயிற்சியாளர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். டாட்ஜர்ஸ் முன்னிலை பெற்றது, ஆட்டத்தையும் கோப்பையையும் வென்றது. நீண்ட காலத்துக்குச் சரியாக வரும் கணக்கு, ஒரே ஓர் இரவில் காலை வாரலாம். பகடை உருட்டுபவர்களுக்கு இது புதிதல்ல.

அட்டைக்கு முழங்கை வலிக்காது

சிமுலேஷனில் பிட்சர் என்பவர் ஒரு விலை, ஓர் இன்னிங்ஸ் எண்ணிக்கை, ஒரு ரன் விகிதம். அவரை எத்தனை முறை மாற்றினாலும் அட்டை புகார் சொல்லாது. நிஜத்தில் அதே கணக்கைப் போட்டால் மறுமுனையில் ஆள் நிற்கிறார்.

2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி யோஷினோபு யமமோட்டோவுக்கு 12 ஆண்டுகளுக்கு 325 மில்லியன் டாலர் கொடுத்தது. அடுத்த சீசனில் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,40,000 டாலர். '1,450-ஐ நிரப்பும்' வேலையில் பெரும்பகுதி அந்தக் குறைந்தபட்சத்துக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் தலையில்தான் விழுகிறது. இன்று மேலே அழைப்பார்கள், இரண்டு நாள் வீசிக் களைத்ததும் மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டுப் புதிய கையைக் கொண்டுவருவார்கள். இந்தப் போக்குவரத்து அளவுமீறிப் போனதால்தான், ஒரு வீரரை ஒரு சீசனில் 5 முறைக்கு மேல் இப்படிக் கீழே அனுப்பக் கூடாது என்று 2022-ல் வரம்பு வந்தது.

ஓப்பனர் உத்தியிலும் இதே சிக்கல். சம்பளப் பேச்சுவார்த்தையில் இளம் பிட்சர்களுக்குக் கைகொடுப்பவை வெற்றிகள், வீசிய இன்னிங்ஸ்கள், சேவ்கள் போன்ற பழைய எண்கள். 2018-ல் ரேஸின் ரைன் ஸ்டானெக் 29 ஆட்டங்களைத் தொடங்கினார். ஆனால் அவர் சீசன் முழுக்க வீசியது 66 இன்னிங்ஸ்தான். அணிக்கு லாபமான வேலை, வீரரின் பயோடேட்டாவில் எந்தப் பெட்டியிலும் பொருந்தாது.

குறைந்த நேரம், முழு வேகம் என்ற பாணிக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. பிட்சர்களின் காயங்கள் குறித்து 2024 டிசம்பரில் மேஜர் லீக்கே வெளியிட்ட அறிக்கை, அதிவேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசுவதையும் காரணங்களில் முக்கியமானவையாகச் சுட்டிக்காட்டியது.

உங்கள் 80 மில்லியன் அணிக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. அங்கே தாராளமாகக் கணக்குப் போடலாம். இன்னிங்ஸைக் கூட்டுங்கள், மைதானத்தைப் பாருங்கள், நல்ல ஷார்ட்ஸ்டாப்பை வாங்குங்கள், பட்டத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் அடுத்த முறை குறைந்த செலவில் ஓர் அணி ஜெயித்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தச் செலவு எப்படிக் குறைந்தது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பல சமயம் புத்திசாலித்தனத்தால் குறைந்திருக்கும். சில சமயம், பேரம் பேச முடியாத யாரோ ஒருவரின் தோள்பட்டையால்.